மரப்படை: பொதுநிலம் பேணிய அமெரிக்க இளைஞர்கள், 1933–1942

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிரியர்களுக்கான மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில், 'பப்ளிக் லேண்ட்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம் என்று கேட்டோம். 'பொதுநிலம்' என்றார் ஒருவர். 'அரசு நிலம்' என்றார் மற்றொருவர். நாம் வெண்பலகையில் 'புறம்போக்கு' என்று எழுதினோம். அரங்கு முழுவதும் சிரித்தது. இங்கே பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியர்கள் அச்சொல்லைத் திரைப்படங்களில் வசைச்சொல்லாக மட்டுமே கேட்டிருந்தனர். தமிழகத்து வருவாய்த்துறைப் பதிவேடுகளில் புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம். மேய்ச்சல் தரை, ஏரி, வண்டிப்பாதை, இடுகாடு முதலியன அதனுள் அடங்கும். ஊரார் யாவரும் பயன்கொள்வதற்கென விடப்பட்ட நிலத்தின் பெயர், எதற்கும் உதவாத மனிதனைக் குறிக்கும் வசையாயிற்று. எவர்க்கும் தனியுரிமை இல்லாதது எவராலும் மதிக்கப்படாததாகவும் ஆகிவிடும் போலும்.

அன்றைய சிரிப்பே இவ்வுரைக்கு வித்து. எவர்க்கும் தனியே உரிமையில்லாத நிலத்தைப் பேணுவோர் யார்? ஒரு நாட்டின் இளைஞரைக் கொண்டு அதனைப் பேணச் செய்யலாம் என்று ஓர் அரசு மிகப் பெரிய அளவில் முயன்ற நிகழ்ச்சி, 1933 முதல் 1942 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றது. சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பது அவ்வமைப்பின் பெயர்; சி.சி.சி. என்பது சுருக்கம். மக்கள் அதனை 'ரூஸ்வெல்ட்டின் மரப்படை' என்று வேடிக்கையாகவும் அன்பாகவும் அழைத்தனர். நாம் மொழியியல் பயின்றவர்கள். ஆதலால் அமைப்பின் வரலாற்றை அதன் சொற்களைப் பற்றிக்கொண்டே சொல்ல முற்படுகின்றோம்.

முதற்கண் 'கன்சர்வேஷன்' என்னும் சொல். இது அமெரிக்காவில் அரசியற் சொல்லாக நிலைபெற்ற கதையில் தமிழ்நிலத்திற்கும் சிறு பங்குண்டு. அமெரிக்கக் காட்டுத்துறையின் முதல் தலைவராக 1905-இல் பொறுப்பேற்ற கிஃபோர்ட் பின்ஷோ என்பவரே இச்சொல்லை ஓர் இயக்கத்தின் பெயராக்கியவர். காடு, மண், நீர் ஆகியவற்றை ஒரே பொருளாகக் கண்டு பேணும் கொள்கைக்கு 1907-ஆம் ஆண்டளவில் ஒரு பெயர் தேடியபோது, பிரித்தானிய இந்தியாவில் காட்டுப் பிரிவுகளைக் 'கன்சர்வன்சி' என்றும் அவற்றின் அதிகாரிகளைக் 'கன்சர்வேட்டர்' என்றும் வழங்கியது நினைவுக்கு வந்ததாக அவர் தம் நினைவுநூலில் கூறுகிறார். பின்ஷோவுக்குக் காட்டியலில் வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் செருமானியர். 1864 முதல் இந்தியக் காடுகளின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தவர். அவருக்கும் முன்னரே, 1856-இல், சென்னை மாகாணத்தின் காட்டுக் கன்சர்வேட்டராக அமர்த்தப்பட்டவர் ஹியூ கிளெகார்ன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கங்காடுகளில் ஆட்சிச் சொல்லாகப் புழங்கிய ஒன்று, கடல் கடந்து சென்று வேறொரு நாட்டின் கொள்கைச் சொல்லாயிற்று.

பின்ஷோ கருதிய பொருள் 'அளவறிந்து பயன்கொண்டு, அழியாமற் காத்தல்' என்பது. கை படாமல் காத்தல் என்ற பொருளுக்கு ஜான் மியூர் போன்றோர் வேறு சொல்லையும் வேறு கொள்கையையும் கொண்டிருந்தனர். தமிழில் இரண்டையும் 'பாதுகாப்பு' என்றே எழுதிவிடுகிறோம். களவுக்கு எதிரான காவலும் அச்சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பயன்கொண்டே காத்தலைப் 'பேணல்' என்று நாம் கூறிவருகிறோம். குழந்தையையும் வீட்டையும் உடம்பையும் பேணுகிறோம் அல்லவா? அப்பொருளிலேயே இவ்வுரை முழுவதும் அச்சொல் வழங்கும்.

ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட் இப்பேணற் கொள்கையில் வளர்ந்தவர். 1912-இல் நியூயார்க் மாநில மேலவையின் இளம் உறுப்பினராக இருந்தபோது, காடழிந்த சீனப் பள்ளத்தாக்கு ஒன்றின் முன்னைய நிலையையும் பின்னைய நிலையையும் பின்ஷோ படங்களாகக் காட்டியதைக் கண்டார். அதனை வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். தம் தொழில் யாதென்று கேட்கப்படுமிடத்து 'மரம் வளர்ப்பவர்' என்று பதிவு செய்தவர் அவர். மாநில ஆளுநராயிருந்தபோது வேலையற்றோரைக் கொண்டு மரம் நடும் திட்டத்தைச் சிறு அளவில் நடத்தியும் பார்த்திருந்தார்.

1933 மார்ச் 4-ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது நாட்டின் உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர்க்கு வேலையில்லை. பள்ளியை விட்டும் தொழிலேதும் கிட்டாத இளைஞர், வீட்டிற்குப் பாரமாகாதிருக்கச் சரக்கு இரயில்களில் ஏறி ஊர் ஊராக அலைந்தனர். மறுபுறம், காடுகள் வெட்டப்பட்டும் எரிந்தும் கிடந்தன. உழுத நிலத்தின் மேல்மண் மழையில் கரைந்தும் காற்றில் பறந்தும் போயிற்று. வீணாகும் இவ்விரு செல்வங்களையும் ஒன்றற்கொன்று துணையாக்குவதே ரூஸ்வெல்ட்டின் எண்ணம். மார்ச் 21-இல் பேரவைக்குச் செய்தி விடுத்தார். 31-இல் சட்டம் கையொப்பமாயிற்று. ஏப்ரல் 17-இல் விர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில் முதல் முகாம் திறக்கப்பட்டது. அதற்குக் 'கேம்ப் ரூஸ்வெல்ட்' என்று பெயரிட்டனர். ஜூலைத் தொடக்கத்திற்குள் 1,300 முகாம்களில் 275,000 பேர். ஒரு குழு அமைக்கவே மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் அலுவலகங்களில் காலங்கழித்த நமக்கு இவ்வேகம் வியப்பளிக்கிறது.

இவ்வேகம் வாய்த்தது, புதிய துறையொன்றை உருவாக்காமல் இருந்த துறைகளிடையே பணியைப் பகிர்ந்தமையால். தொழிலாளர் துறை இளைஞரைத் தெரிவு செய்தது. தரைப்படை அவர்களைத் திரட்டி, உண்டியும் உறையுளும் தந்து, முகாம்களை நடத்தியது. வேளாண்மைத் துறையும் உள்துறையும் எங்கே என்ன வேலை என்பதை வகுத்து மேற்பார்த்தன. பகல் எட்டு மணிநேரம் காட்டதிகாரியின் கீழ். எஞ்சிய நேரம் படையதிகாரியின் கீழ். முகாமொன்றுக்கு ஏறத்தாழ இருநூறு பேர். தொடக்கத்தில் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட, மணமாகாத, அரசின் துயர்தீர்ப்பு உதவி பெறும் குடும்பத்து இளைஞரே சேர்க்கப்பட்டனர். திங்களுக்கு 30 டாலர் ஊதியம். அதில் 25 டாலர் வரை நேரே வீட்டிற்கு அனுப்பப்பட்டது. கையில் எஞ்சிய 5 டாலர் இளைஞனுக்கு. அக்கால முகாம் நினைவுகளைப் படிப்போர், அவ்வைந்து டாலரைப் பற்றிய பேச்சையும் வீட்டுக்குச் சென்ற இருபத்தைந்தைப் பற்றிய பெருமிதத்தையும் அடுத்தடுத்துக் காணலாம்.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருந்தது. சட்டத்தில் அமைந்த பெயர் 'அவசரகாலப் பேணற்பணி' என்பது. 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்று ரூஸ்வெல்ட் தம் செய்தியில் வழங்கியதே மக்கள் நாவில் நின்றது. 1937-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை முறைப்படி ஏற்றது. 'கோர்' என்பது படைப்பிரிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 'சிவிலியன்' என்னும் அடைமொழி உடனே அதனை மறுக்கிறது: படைதான், ஆயினும் குடிமக்கள் படை. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு திங்களே ஆகியிருந்த நேரம் அது. படையதிகாரிகளின் கீழ் இளைஞரை முகாமிடச் செய்வது சர்வாதிகாரத்தின் சாயலுடையது என்றும், நாளொன்றுக்கு ஒரு டாலர் என்பது நாட்டின் கூலியையே தாழ்த்திவிடும் என்றும் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் கிரீன் கடுமையாகச் சாடினார். அவ்வெதிர்ப்பைத் தணிக்கும் பொருட்டே தொழிற்சங்கவாதியான ராபர்ட் ஃபெக்னரை ரூஸ்வெல்ட் இயக்குநராக அமர்த்தினார். முகாமிலிருந்தோரை வீரர் என்றோ தொழிலாளர் என்றோ அழைக்காமல், 'என்ரோலி', அதாவது பெயர் பதிந்தவர், என்று அழைத்தனர். படைக்கலப் பயிற்சியும் அளிக்கப்படவில்லை. சொல்லைக் கொண்டு அச்சத்தைத் தணிக்கும் இத்தகைய வினைத்திறம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. எனினும் இங்கே சொல்லுக்கும் செயலுக்கும் பெரும்பாலும் இடைவெளி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

1935-இல் எண்ணிக்கை 500,000-ஐக் கடந்தது. முகாம்கள் 2,600-க்கு மேல். ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3 மில்லியன் பேர் இதன் வழியே வந்து சென்றனர். நடப்பட்ட மரங்கள் ஏறத்தாழ 3 பில்லியன், அதாவது 300 கோடி. காட்டுத்தீ காணும் கோபுரங்கள், தொலைபேசிக் கம்பிகள், மலைப்பாதைகள், மண்ணரிப்புத் தடுப்பணைகள், நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்கள் என இப்பட்டியல் நீளும். கொலராடோவின் செம்பாறைகளிடையே இன்றும் இசை நிகழ்ச்சிகள் நடைபெறும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கு இவ்விளைஞர் கட்டியதே. தீயணைப்பில் உயிரிழந்தோரும் உளர். 1937 ஆகஸ்டில் வயோமிங்கின் ஷோஷோன் தேசியக் காட்டில் எழுந்த பிளாக்வாட்டர் தீயில் 15 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் வீட்டிற்கு 25 டாலர் அனுப்பிக்கொண்டிருந்த முகாம் இளைஞர்.

செய்தவை யாவும் நன்றே என்று கொள்ளுதற்கில்லை. அரிஜோனா, நியூ மெக்சிகோ முகாம்களில் 1933-இல் மண்ணரிப்புத் தடுப்பை மேற்பார்த்த ஆல்டோ லியோபோல்ட் மறு ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். ஒரு குழு ஓடையில் மீன்களுக்குப் புகலிடம் அமைக்கும். மற்றொரு குழு அவ்வோடைக்கரையின் களிமண்மேட்டைப் பாதைக்காக வெட்டி நீரை நிரந்தரமாகக் கலங்கச் செய்யும். ஒரு குழு பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவு தரும் செடிகளை நடும். வேறொன்று அவ்வுயிர்கள் அண்டிவாழும் முதுமரங்களைப் பயனற்றவை என்று வீழ்த்தும். ஒவ்வொன்றும் பேணலே, எல்லாம் சேரும்போது கேடு. தென்மாநிலங்களில் மண்ணைப் பிடித்து நிறுத்தவென்று இவர்கள் நட்ட குட்சு என்னும் ஜப்பானியக் கொடி, இன்று மரங்களையும் கம்பங்களையும் பாழ்மனைகளையும் போர்த்து மூடுகிறது. அதே மண் காப்புத்துறை, விஸ்கான்சினின் கூன் வேலிப் பள்ளத்தாக்கில் உழவரும் அறிஞரும் முகாம் இளைஞரும் கூடி ஒரு நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதையும் ஒருங்கே எண்ணிச் செய்த சமவரம்பு வேளாண்மையினால் நற்பெயர் பெற்றது. பிழைகளிலிருந்து பாடம் கற்பதற்கும் முகாம்கள் இடமளித்தன எனலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில் முகாம்களின் கல்விப்பணியைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். சட்டம் இயற்றியபோது கல்வி பற்றிய எண்ணமே இருக்கவில்லை. முகாமுக்கு வந்த இளைஞருட் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். சிலர் தம் பெயரையும் எழுதத் தெரியாதவர். மாலைநேரங்களில் அவர்களுக்குக் கற்பிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது படைத்துறையின் பிரதிநிதி அதனை வன்மையாக எதிர்த்தார். புத்தகக்காரர்கள் உள்ளே புகுந்தால் முகாமின் ஒழுங்கு குலையும் என்பது அவர் அச்சம். ஃபெக்னருக்கும் இதில் பெரிய ஆர்வமில்லை. ஆயினும் 1933 இறுதியில் ரூஸ்வெல்ட் ஒப்புதல் அளித்தார். முகாம்தோறும் கல்வி ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவரும் முகாம் தளபதியின் அதிகாரத்துக்கு உட்பட்டவரே. வகுப்பறை என்று தனியே இல்லாத இடங்களில் உணவுக்கூடமே வகுப்பறை. மரம் அறுத்துச் சோர்ந்த கையில் எழுதுகோல். வருகை விருப்பத்தின்பாற்பட்டது. இவ்வளவு தடைகளுக்கிடையிலும் 40,000-க்கு மேற்பட்டோர் முகாம்களில் எழுதப் படிக்கக் கற்றனர். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்குப் பத்து மணிநேரம் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடமளித்தது.

என்ன படிக்கலாம் என்பதில் மட்டும் அரசு தயங்கியது. சிகாகோ சமூகவியலறிஞர் வில்லியம் ஆக்பர்ன், இயந்திரங்களும் வேலையின்மையும் பற்றி இளைஞர்க்காக எழுதிய 'நீங்களும் இயந்திரங்களும்' என்னும் சிறுநூலை 1934-இல் ஃபெக்னர் முகாம்களுக்குள் வரவொட்டாமல் தடுத்தார். அது மிகவும் சோர்வூட்டுவது என்பது காரணம். வேலையிழந்து வந்த இளைஞனுக்கு, வேலை ஏன் போயிற்று என்பதைப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. எழுத்தறிவு தருவோர், அவ்வெழுத்தறிவு எதுவரை செல்லலாம் என்று எல்லை வகுப்பது எங்கும் காணப்படுவதே. ஆனால் இளைஞர் தாமே எழுதத் தொடங்கிவிட்டனர். ஆயிரக்கணக்கான முகாம்களில் கல்லச்சு போன்ற எளிய படியெடுப்புப் பொறியில் சிறு இதழ்கள் வெளிவந்தன. சமையற்காரரைக் கேலி செய்யும் துணுக்கு, குத்துச்சண்டை முடிவுகள், ஊர் நினைவு, தீயணைத்த கதை, முகாமின் கொச்சைச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதி ஆகியன அவற்றில் இடம்பெற்றன. பேச்சுமொழி எழுத்தில் ஏறும் தருணத்தைக் காண விழையும் மொழியியலாளர்க்கு இவ்விதழ்கள் நல்ல புலம்.

இனி, பொதுநிலம் என்பது எவ்வாறு பொதுநிலமாயிற்று என்னும் வினா. விர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அதன் மலைமுகட்டில் ஓடும் ஸ்கைலைன் சாலையின் கற்சுவர்களும் காட்சிமேடைகளும் சி.சி.சி. இளைஞரின் கைவண்ணம். 1933 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் அங்கிருந்த பிக் மெடோஸ் முகாமுக்கு வந்து இளைஞரோடு உணவருந்தினார். 1936 ஜூலையில் பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அம்மலை ஆளில்லா வெளி அன்று. ஐந்நூறு அளவிலான குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தன. செஸ்ட்நட் மரம் அவர்களுக்கு உணவும் விறகும் விற்பனைப்பொருளும். அம்மரங்களை ஒருவகைப் பூசணநோய் ஏற்கெனவே அழித்திருந்தது. விர்ஜீனியா மாநிலம் 1928-இல் இயற்றிய சட்டத்தின் துணைகொண்டு நிலம் முழுவதையும் ஒட்டுமொத்தமாகக் கையகப்படுத்தி நடுவணரசுக்கு வழங்கியது. அம்மக்கள் எழுத்தறியாதவர், உலகறியாதவர், காலத்தால் பின்தங்கியவர் என்று அக்கால ஆய்வுநூலும் செய்தித்தாள்களும் வருணித்தன. அவ்வருணனை வெளியேற்றத்திற்கு வசதியாக இருந்தது.

அவ்வெழுத்தறியா மக்கள் பூங்கா அதிகாரிகளுக்கு எழுதிய ஏறத்தாழ 300 கடிதங்கள் பூங்காவின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. விதைத்ததை அறுவடை செய்ய அனுமதி கேட்போர் உண்டு. காலியான அண்டைவீட்டின் சன்னற் சட்டங்களையும் பலகைகளையும் எடுத்துக்கொள்ளக் கேட்போர் உண்டு. முன்பே கொடுத்த வாக்கை நினைவூட்டிச் சினப்போரும் உண்டு. பேசுவதுபோலவே எழுதப்பட்ட எழுத்துக்கூட்டல். ஆனால் கேட்பது இன்னதென்பதில் ஐயமே இல்லை. மொழியாசிரியர்களாகிய நாம் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கும் பழக்கமுடையோம். அத்தகைய கை ஒன்று அக்கடிதங்களை வாசித்திருக்குமானால், சன்னற் சட்டம் அதன் கண்ணில் பட்டிருக்குமா?

தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டுண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ஒன்று. அவரை விலக்குவது மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. தேசியப் பூங்காவின் அறிவிப்பிலும் மலைவாழ் மூதாட்டியின் கடிதத்திலும் ஒரே சொல் நின்று நிலத்தைத் தன்னதாகச் சொல்லும். தமிழாக்க முயன்றால் முன்னதை 'நம் நிலம்' என்றும் பின்னதை 'எங்கள் நிலம்' என்றும் எழுதவேண்டியிருக்கும். எங்கள் நிலம் நம் நிலமாக மாறிய வழியில், காலியான வீடுகள் சிலவற்றை இடித்தவர்களும் அவர்களைப் போன்றே ஏழ்மையிலிருந்து வந்த முகாம் இளைஞர்தாம். அம்மலைக் குடும்பங்களின் மைந்தர் சிலரும் முகாமில் வேலை பெற்றனர். முதியோர் சிலர்க்கு மட்டும் வாழ்நாள் முழுதும் இருக்க இசைவு தரப்பட்டது. அவர்களுள் இறுதியானவர் 1979-இல் மறைந்தார்.

நிறவேற்றுமையும் இருந்தது. அன்றைய பேரவையின் ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட்டின் திருத்தத்தினால், இனம், நிறம், சமயம் காரணமாக வேறுபாடு காட்டலாகாது என்ற விதி சட்டத்திலேயே இடம்பெற்றது. ஏறத்தாழ 200,000 கறுப்பின இளைஞர் சேர்ந்தனர். ஆனால் பிரித்து வைப்பது வேறுபாடு காட்டுவதாகாது என்று வாதிட்ட ஃபெக்னர், 1935-இல் முழுமையான பிரிவினைக்கு ஆணையிட்டார். சொல்லின் பொருளைச் சுருக்கிச் சட்டத்தை வெறுமையாக்கும் இவ்வுத்தியைச் சட்ட மாணவர் கவனிக்கவேண்டும். பெண்களுக்கோ இடமே இல்லை. எலினோர் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் அவர்களுக்கெனத் தொடங்கிய சிறு முகாம்களில் மொத்தம் 8,500 பேர் அளவிலேயே பயன்பெற்றனர். 'சி-சி-சி' என்பதைத் திரித்து 'ஷீ-ஷீ-ஷீ' என்று செய்தியாளர் அவற்றை நகையாடினர்.

அமெரிக்கத் தொல்குடியினர்க்கெனத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. 80,000-க்கு மேற்பட்டோர் அதில் பணிபுரிந்தனர். வயது வரம்பும் மணமாகாமையும் அவர்களுக்கு விதிக்கப்படவில்லை. பலர் தம் வீட்டிலிருந்தே தம் இனக்குழுவின் நிலத்தில் வேலை செய்தனர். அதன் பணிகளுள் நம்மை மிகவும் ஈர்ப்பது தென்கிழக்கு அலாஸ்காவில் 1938-இல் தொடங்கியது. டிலிங்கிட், ஹைடா மக்கள் தம் குலவரலாற்றைப் பெருமரங்களில் செதுக்கி நிறுத்தும் வழக்கமுடையோர். அண்டங்காக்கை, கழுகு, கரடி என மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட உருவங்கள் ஒரு குலத்தின் கதையையும் உரிமையையும் சொல்லும். படிக்கத் தெரிந்தவர்க்கே அது பாடம். மீன் பதனிடும் ஆலைகளையும் பள்ளிகளையும் நாடி மக்கள் பழைய ஊர்களை விட்டு நீங்கியபின் அத்தூண்கள் பாசி படிந்து காட்டோடு காடாகிக் கொண்டிருந்தன. காட்டுத்துறை அவற்றைத் திரட்டி வந்து, முதிய சிற்பிகளை அமர்த்தி, அவர்கள் கீழ் இளையோரைப் பயிலவைத்து, பழுதுபார்த்தும் படியெடுத்தும் நிறுத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட தூண்கள் இவ்வாறு மீண்டும் எழுந்தன. செதுக்கும் கலை அறுபடாமல் அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

ஆயினும் அம்மரபில் தூண் விழுந்தால் விழுந்தபடியே மண்ணில் மக்கவிடுவது வழக்கம். குலத்துக்கு உறவுமுறையால் எதிரணியான பிரிவினரை அழைத்து, விருந்தளித்துப் பொருள் ஈந்து தூண் எழுப்புவதே முறை. அரசின் கூலிக்குச் செதுக்கி, சுற்றுலாப் பயணியர் காணும்படி சாலையோரப் பூங்காவில் நிறுத்தியபோது அம்முறை மாறியது. பேணப்பட்டது தூணா, தூணை எழுப்பும் வழக்கமா? வாய்மொழிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து பேழையில் வைப்பவர்களிடமும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. நம்மிடம் கேட்கப்பட்டபோது நாம் நேரான விடை சொன்னதில்லை. ஆனால் அன்று அப்பணியை ஏற்ற முதியோர் அறியாது ஏற்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். எந்தக் கதையை எந்தத் தூணில் யார் செதுக்கலாம் என்பதை அவர்களே அதிகாரிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

போர் வந்தது. ஆலைகளில் வேலை பெருகிற்று; இளைஞர் படைக்குச் சென்றனர். 1939 இறுதியில் ஃபெக்னர் மறைந்தார். 1942 ஜூனோடு பேரவை நிதியை நிறுத்தியது. எஞ்சிய முகாம்களின் பிற்கால வரலாறு விந்தையானது. மனச்சான்றின்படி போரிட மறுத்தோரை, 1941 முதலே, மேரிலாந்தின் படாப்ஸ்கோ போன்ற பழைய முகாம்களில் வைத்துக் காட்டுவேலை வாங்கினர். யூட்டாவின் மோவாப் அருகிலிருந்த முகாமில், 1943-இல், தடுப்புக்காவலில் இருந்த ஜப்பானிய அமெரிக்கருள் கலகக்காரர் எனக் கருதப்பட்டோரை அடைத்தனர். ஏழை இளைஞர்க்குக் கூரையாக எழுப்பிய அதே மரக்கொட்டகைகள்.

பின்வந்த முயற்சிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1970-இல் தொடங்கி 1974-இல் நிலைபெற்ற இளையர் பேணற்படையில் 15 முதல் 18 வயதுக்குட்பட்ட ஆண் பெண் இருபாலாரும் கோடை வாரங்களில் பொதுநிலங்களில் பணிபுரிகின்றனர்; குடும்பம் ஏழையாயிருத்தல் அதற்கு நிபந்தனையன்று. கலிஃபோர்னியா 1976-இல் தனக்கெனப் பேணற்படை அமைத்தது. கடும் உழைப்பும் குறைந்த ஊதியமும் அவல வாழ்நிலையுமே கிடைக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லியே அது ஆள் சேர்த்தது. சேர வருவோர் இன்றும் உளர். 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அமெரிக்கப் பருவநிலைப் படை, 2025 சனவரியில் முடிவுக்கு வந்துவிட்டது. ஒன்பது ஆண்டு நீடித்த முன்னோடியோடு ஒப்பிட, அதன் ஆயுள் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு.

இளைஞர் ஆற்றுவதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்பதும் முடிவுறாத ஒன்றே. 1967 முதல் சிங்கப்பூரில் 'தேசிய சேவை' என்பது படைப்பணியையே முதலில் நினைவூட்டும். 'தொண்டு' என்றால் ஊதியம் பெறலாகாது என்ற எண்ணம் எழுகிறது. 'வேலை' என்றால் ஊதியம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. முப்பது டாலர் பெற்று மரம் நட்டவன் செய்தது இவற்றுள் எது? நமது பயிலரங்கில் ஓர் இளம் ஆசிரியை 'நிலப்பணி' என்று எழுதித் தந்தார். அதனை நாம் வெண்பலகையில் புறம்போக்குக்குக் கீழே எழுதினோம். அம்முறை எவரும் சிரிக்கவில்லை.

விர்ஜீனியாவில் முதலில் திறக்கப்பட்ட கேம்ப் ரூஸ்வெல்ட், இப்போது மக்கள் கூடாரமிட்டுத் தங்கும் காட்டிடம். பழைய கட்டடங்களின் அடித்தளங்கள் புல்லிடையே கிடக்கின்றன. சுற்றிலும் நிற்பது காடு.